மோஷன் என்ற சொல்லுக்கு எத்தனை தமிழ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புதான் என் தொழில். மருத்துவமனைப் படிவம், நீதிமன்ற உத்தரவு, பள்ளிப் பாடம், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு என்று எது மேசைக்கு வந்தாலும், ஏதாவது ஒரு வரியில் மோஷன் என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அதற்கு வேறு முகம். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற பெற்றோரும், மருத்துவமனையில் குழம்பிப் போனவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

மோஷனுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது. அது தமிழின் குறையும் அல்ல. இயற்பியல் பாடத்தில் மோஷன் என்றால் இயக்கம். சட்டமன்றத்தில் தீர்மானம். கொழும்பு நாடாளுமன்றத்தில் பிரேரணை. மருத்துவமனை வார்டில் மலம். பஞ்சாங்கத்தில் கதி.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'நகர்த்து' என்ற பொருளுள்ள அந்த வேரிலிருந்து வந்தவைதான் மோட்டார், ரிமோட், எமோஷன், புரமோஷன் எல்லாம். அந்தப் பெயர்ச்சொல்லில், நகர்வது எது, நகர்த்துவது யார் என்பது தெரியாது. தமிழ் வினையோ அதை முதலிலேயே கேட்டுவிடும். இயங்குகிறதா, இயக்குகிறாரா? அசைகிறதா, அசைக்கிறாரா? உருள்கிறதா, உருட்டுகிறாரா? தன்வினை, பிறவினை என்று ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படித்து மறந்துபோனதுதான். என் தொழிலில் தினமும் சோறு போடுவது அந்தப் பாடம்தான். மோஷன் வந்தால் நான் முதலில் அகராதியைத் திறப்பதில்லை. இங்கே நகர்வது எது, நகர்த்துவது யார் என்று கேட்டுக்கொள்கிறேன். விடை தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும்.

டாக்டர் "மோஷன் போச்சா?" என்று கேட்கிறாரே, எதைக் கேட்கிறார்?

மலம் கழிந்ததா என்று கேட்கிறார். இங்கிலாந்து மருத்துவர்களிடமிருந்து வந்த வழக்கு. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றைக்கும் அதுதான் புழங்குகிறது. நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. ஆனால் இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் தவறிப்போகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தைக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையில் செவிலியர் வந்து, "மோஷன் போச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு அந்தச் சொல் தெரியாது. கையில் ஊசி குத்தி, தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 'போச்சா' என்றால் அந்த மருந்து இறங்கி முடிந்ததைத்தான் கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, "போச்சு தாயி, விடியக்காலமே போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அட்டையில் எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் நான் போனபோது வயிறு கல்லாக இருந்தது. சோறு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். "அத்தை, வெளிக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். "வந்ததுல இருந்து எங்கப்பா போனேன்? அதை யாருமே கேக்கலையே" என்றார். டாக்டரிடம் சொன்னேன். அன்று மாலைக்குள் மருந்து கொடுத்துச் சரியாக்கினார்கள். குடலிறக்கத் தையல் போட்ட வயிற்றோடு மலச்சிக்கலில் முக்குவது நல்லதல்ல. அதனால்தான் அவர்கள் தினமும் கேட்டார்கள். கேட்டது சரிதான், கேட்ட சொல்தான் அத்தைக்குப் போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து மருத்துவமனைக்கான எந்தத் தமிழ்ப் படிவத்தை எழுதினாலும், இந்த இடத்தில் 'மலம் கழித்தீர்களா, வெளிக்குப் போனீர்களா' என்று இரண்டையும் எழுதுகிறேன். வயிற்று அறுவைக்குப் பிறகு "கேஸ் பாஸ் ஆச்சா?" என்று கேட்பார்கள். அது சமையல் கேஸ் அல்ல. 'காத்து பிரிஞ்சுதா?' என்பதுதான் கேள்வி. குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது முதல் அடையாளங்களில் ஒன்று.

நேரடியாகத் தமிழில் கேட்டால் என்ன? ஏன் தயங்குகிறார்கள்?

தயக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பவணந்தி முனிவரின் நன்னூல் 'தகுதி வழக்கு' என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தேன்', 'குழந்தை வெளியே போய்விட்டது' என்பவை பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள். கொல்லைக்குப் போவது, வெளிக்குப் போவது, ரெண்டுக்குப் போவது எல்லாம் அந்த வரிசைதான். மோஷனும் இன்றைய இடக்கரடக்கல். ஆங்கிலத்தில் சொன்னால் கூச்சம் குறைகிறது, அவ்வளவே.

கூச்சத்தை மறைக்க வந்த சொல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடக்கரடக்கல் வேலை செய்ய வேண்டுமென்றால், மறைத்துச் சொன்னது என்னவென்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'வெளிக்கு' என்றால் அத்தைக்குத் தெரியும். மோஷன் என்றால் தெரியாது.

லூஸ் மோஷன், வயிற்றுப்போக்கு, பேதி, சீதபேதி எல்லாம் ஒன்றா?

முதல் மூன்றும் ஒன்று. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகவோ இளகியோ போனால் அதை வயிற்றுப்போக்கு என்று கணக்கில் கொள்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மதுரைப் பக்கம் 'வயித்தால போகுது' என்பார்கள். இலங்கையில் வயிற்றோட்டம். சித்த மருத்துவத்தில் கழிச்சல். சீதபேதி வேறு. அதில் சளியும் இரத்தமும் கலந்து போகும். வாந்திபேதி என்று பழைய ஆட்கள் சொன்னது காலராவை.

டாக்டரிடம் "லூஸ் மோஷன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை முறை, தண்ணீராகவா, இரத்தம் உண்டா, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அதையும் மறைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையால் அப்படி ஆகலாம். இரைப்பையில் இரத்தக்கசிவு இருந்தாலும் ஆகலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே முழுவதும் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை கொடுத்தால், பேதி நின்றாலும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும். கண் குழிந்து, குழந்தை துவண்டு, குடிக்கவும் முடியாமல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் 'லஞ்ச் மோஷன்' என்கிறார்களே?

நன்னூல் சொன்ன குழூஉக்குறிக்கு நல்ல எடுத்துக்காட்டு இது. ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் புழங்குகிற சொல். சென்னை உயர் நீதிமன்றத்தில் அன்றைக்கே விசாரித்தாக வேண்டிய அவசர வழக்கு என்றால், காலையில் நீதிமன்றம் கூடியதும் வழக்கறிஞர் எழுந்து நிலைமையைச் சொல்வார். செய்தித்தாளில் 'முறையீடு செய்தார்' என்று வருவது இதுதான். நீதிபதி சம்மதித்தால் மனுவைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்கு நகல் கொடுத்துவிட்டு, உணவு இடைவேளை முடிந்து 2.15 மணிக்கு வழக்கைத் தொடங்கலாம். நாளை காலை வீட்டை இடிக்க வருகிறார்கள் என்பது போன்ற நேரத்தில் மனுதாரருக்குக் கைகொடுப்பது இதுதான். விடுமுறை நாளில் நீதிபதியின் இல்லத்திலேயே விசாரிக்கக் கேட்பது ஹவுஸ் மோஷன்.

இதைத் தமிழில் 'மதிய உணவு இயக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்ததைத் திருத்தியிருக்கிறேன். சத்துணவுத் திட்டம் என்றே படிப்பவர் நினைப்பார். 'பிற்பகலிலேயே அவசர வழக்காக விசாரிக்கக் கோரினார்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

இன்னொன்றும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் ஒருவர் நீதிமன்றத்தை 'மூவ்' செய்கிறார், அதாவது 'நகர்த்துகிறார்'. தமிழில் நீதிமன்றம் நகராது, நாம்தான் போக வேண்டும். 'நீதிமன்றத்தை நாடினார்', 'அணுகினார்' என்பதே சரி. அமெரிக்க வழக்குச் செய்திகளில் மோஷன் தாக்கல் ஆனது என்று வந்தால் தயங்காமல் 'மனு' என்று போடுங்கள்.

யாரும் மனு போடாமல் நீதிமன்றமே எடுக்கும் வழக்கு?

'தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது' என்கிறோம். லத்தீனில் சுவோ மோட்டு. 'தன் சொந்த நகர்வினால்' என்பது அதன் நேர்ப்பொருள். அதே வேரிலிருந்து வந்த மோஷன்தான் இதற்குள்ளும் இருக்கிறது. தமிழ்ச் செய்தியாளர்கள் யாரோ என்றோ எழுதி நிலைத்துவிட்ட 'தாமாக முன்வந்து' எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்புகளில் ஒன்று. நகர்வது யார், நகர்த்துவது யார் என்ற கேள்விக்கு இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது என்கிறார்கள். தீர்மானித்த பிறகு எப்படித் தோற்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் கேட்டது முழுக்க நியாயம்.

அவையில் ஓர் உறுப்பினர் 'இப்படிச் செய்யலாம்' என்று வைக்கும் யோசனைதான் மோஷன். அதை முன்மொழிய வேண்டும், பேச வேண்டும், வாக்குக்கு விட வேண்டும். ஜெயித்த பிறகுதான் அது அவையின் முடிவு. தமிழில் தொடக்கத்தில் இருக்கிற யோசனையையும் தீர்மானம் என்கிறோம், கடைசியில் கிடைக்கும் முடிவையும் தீர்மானம் என்கிறோம். போதாததற்கு 'ரெசல்யூஷன்' என்பதற்கும் அதே சொல்தான். 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்று சட்டமன்றம் ஒருமனதாக முடிவெடுத்ததே, அது ரெசல்யூஷன். ரெசல்யூஷன் எல்லாம் மோஷன்தான். மோஷன் எல்லாம் ரெசல்யூஷன் ஆகாது. தமிழ்ச் சொல்லில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவையில் அதை எடுத்துக்கொள்ள குறைந்தது 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. முதலில் அப்படி எடுக்கப்பட்டது 1963 ஆகஸ்டில், சீனப் போருக்குப் பின், நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. ஆதரவு 62, எதிர்ப்பு 347. யோசனை தோற்றது, அரசு நின்றது.

அதன் மறுபக்கம் நம்பிக்கை கோரும் தீர்மானம். அதை அரசே கொண்டுவரும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் கொண்டுவந்தது இந்த வகை. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டிருந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. அன்று தோற்றதும் 'தீர்மானம்'தான், 1963இல் தோற்றதும் 'தீர்மானம்'தான். 1999இல் ஆட்சி போனது, 1963இல் ஆட்சி நிலைத்தது. கொண்டுவந்தது யார் என்று சொல்லாமல் 'தீர்மானம் தோல்வி' என்று மட்டும் தலைப்புப் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

என் விருப்பம் கேட்டால், வாக்கெடுப்புக்கு முன் வரை 'முன்மொழிவு' என்று எழுதலாம். முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன் என்று நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களில்கூடச் சொல்கிறோம். ஆனால் 'நம்பிக்கையில்லாத் தீர்மானம்' மக்கள் நாவில் ஊறிவிட்டது. அதை மாற்றி எழுதி யாரையும் குழப்ப மாட்டேன். விளக்க வேண்டிய இடத்தில் விளக்கிவிடுவேன்.

வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்பு, ஒத்திவைப்பு இவையும் மோஷன்தானா?

ஆம். கவன ஈர்ப்புத் தீர்மானம் ஒரு அவசரப் பிரச்சினையில் அமைச்சரின் விளக்கத்தைக் கேட்பது. ஒத்திவைப்புத் தீர்மானம் அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு வேறொன்றைப் பேசக் கேட்பது. வெட்டுத் தீர்மானம் ஒரு துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அது செலவுக்குக் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்வது. நாடாளுமன்றத்தில், துறையின் கொள்கையையே எதிர்க்கிறோம் என்றால் '1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்' என்பார்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் '100 ரூபாய் குறைக்க வேண்டும்'. அங்கே எண்ணிக்கை பணத்துக்காக அல்ல, எதிர்ப்பின் அளவைக் காட்ட.

இலங்கையில் ஏன் பிரேரணை?

அங்கே வழக்கு அதுதான். நம்பிக்கையில்லாப் பிரேரணை, ஒத்திவைப்புப் பிரேரணை, பதவி நீக்கம் கோரும் குற்றப் பிரேரணை. 2018 ஏப்ரலில் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 76க்கு 122 என்று தோற்கடிக்கப்பட்டதாகத்தான் யாழ்ப்பாணத்து வாசகர் படித்திருப்பார். வடசொல்தான். ஆனாலும் 'தூண்டி முன்னே செலுத்துவது' என்ற பொருள் அதற்குள் இருப்பதால், மோஷனுக்குத் தீர்மானத்தைவிட அது நெருங்கி வருகிறது என்பேன். இலங்கை வாசகருக்கு எழுதும்போது அதையே பயன்படுத்துங்கள். அவர்கள் சட்டமூலம் என்பதை நம் மசோதாவாக மாற்றுவது போல, இதையும் மாற்றிக் கொடுப்பது அவர்கள் மொழிக்குச் செய்கிற மரியாதைக் குறைவு.

இயற்பியலில் இயக்கம், இடப்பெயர்ச்சி, நகர்வு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். ஆறாம் வகுப்பில் 'விசையும் இயக்கமும்' என்று தொடங்கி, பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' என்று நியூட்டனுக்கு வருகிறார்கள். ஒரு பொருளின் இடம் நேரத்தோடு மாறினால் அது இயக்கத்தில் இருக்கிறது. யாரை வைத்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். வைகை எக்ஸ்பிரஸில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிர் இருக்கைக்காரருக்கு நீங்கள் அசையவே இல்லை. கொடைரோடு நடைமேடையில் நிற்பவருக்கு நீங்கள் பறந்துபோகிறீர்கள். இருவர் சொல்வதும் சரி.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் கடந்த தொலைவு ஏறக்குறைய 1,000 கி.மீ. இடப்பெயர்ச்சி சுழியம். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள் அல்லவா? 'பெயர்தல்' என்றால் ஓரிடம் விட்டு இன்னோரிடம் சேர்வது. அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வீட்டில் கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயில் கற்றையில் தூசு மிதப்பதைக் காட்டி 'இதுதான் பிரௌனியன் இயக்கம்' என்பார்கள். அங்கே பெரும்பாலும் தெரிவது காற்றோட்டம் அடித்துச் செல்வதுதான். ராபர்ட் பிரௌன் 1827இல் நுண்ணோக்கியில் பார்த்தது, தண்ணீருக்குள் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்ததை. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் முட்டுவதால் வரும் நடுக்கம் அது என்று 1905இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டுக் காட்டினார். அந்தத் துகள் தானாக இயங்குவதாகத் தெரியும், உண்மையில் இயக்கப்படுகிறது.

குருப்பெயர்ச்சி, வக்ரம் இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெயர்ச்சி அதே பெயர்ச்சிதான். வியாழன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஓராண்டு. சனிக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு. அதனால்தான் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை.

வக்ர கதி என்பது கிரகம் பின்னோக்கிப் போவதாகத் தெரிவது. உண்மையில் எந்தக் கிரகமும் திரும்பி ஓடுவதில்லை. உங்கள் பேருந்து பக்கத்துப் பேருந்தை முந்தும்போது அது பின்னால் போவதுபோல் தோன்றும் அல்லவா? வெளிவட்டத்தில் மெல்லப் போகும் வியாழனையும் சனியையும் பூமி முந்தும்போது வானத்தில் தெரிவதும் அதேதான். பலன் பற்றிய நம்பிக்கை அவரவருடையது. கண்ணுக்குத் தெரிகிற கதியை நம் பஞ்சாங்கக்காரர்கள் பெயர் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். வானியல் கட்டுரை மொழிபெயர்க்கிறவர்கள் புதுச்சொல் தேடுவதற்கு முன் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

அசைவு, நகர்வு, சலனம், நடமாட்டம்: எதை எங்கே போடுவது?

இருந்த இடத்திலேயே ஆடினால் அசைவு. 'வயித்துல குழந்தை அசையுதா?' என்றுதான் கேட்போம், நகருதா என்று கேட்க மாட்டோம். இடம் மாறினால் நகர்வு. படை நகர்வு, தேர் நகர்வு, சதுரங்கத்தில் காய் நகர்த்தல். உயிருள்ளது வந்து போய்க்கொண்டிருந்தால் நடமாட்டம். யானை நடமாட்டம், ஆள் நடமாட்டம். சலனம் இன்று பெரும்பாலும் மனத்துக்கு ஒதுங்கிவிட்டது. ஒரு காலத்தில் சினிமாவையே சலனப்படம் என்றார்கள்.

வராந்தாவில் ஆள் வந்ததும் எரியும் விளக்கில் இருப்பது அசைவு உணரி. உடம்புச் சூடு இடம் மாறுவதை அது உணர்கிறது. அதனால்தான் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அணைந்துபோகிறது. கையால் 'உட்கார்' என்று காட்டுவதையும் ஆங்கிலத்தில் மோஷன் என்பார்கள், தமிழில் அது சைகை. அதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.

'இயக்கம்' என்றால் கட்சியா, போராட்டமா, சினிமாவா?

மூன்றும். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், 1942இன் வெள்ளையனே வெளியேறு இயக்கம் இவற்றில் அது மக்கள் திரண்டு நகர்வது. ஆங்கிலத்தில் இதற்கு மோஷன் வராது, வேறு சொல். ஈழத்தமிழில் 'இயக்கம்' என்று தனியாகச் சொன்னால் ஆயுதப் போராட்ட அமைப்பு. 'அவன் இயக்கத்துக்குப் போனவன்' என்ற ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் இருக்கும். அதை 'மோஷன்' என்றோ 'மூவ்மென்ட்' என்று மொட்டையாகவோ ஆங்கிலத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும்.

சினிமாவில் 'எழுத்து, இயக்கம்' என்று பெயர் போடுவது பிறவினை. இயக்குபவர் இயக்குநர். ஓட்டுநர், நடத்துநர் போல இதற்கும் 'நர்'தான் விகுதி. 'இயக்குனர்' என்றும் 'இயக்குணர்' என்றும் எழுதுவது பரவலாக இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம்.

ஸ்லோ மோஷன் எப்படி எடுக்கிறார்கள்?

மெதுவாக எடுப்பதில்லை, வேகமாக எடுக்கிறார்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். கேமராவில் வினாடிக்கு 96 படங்கள் எடுத்துவிட்டு அதை 24 வீதம் ஓட்டினால், ஒரு வினாடித் தாவல் திரையில் நான்கு வினாடி நீளும். கையால் கேமராவைச் சுற்றிய காலத்தில் கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் இதே பலன். மோஷன் கேப்சர் வேறு. நடிகர் உடம்பில் குறிகளை ஒட்டி, அவர் அசைவை மட்டும் கணினியில் பதிந்து, அதை வரைந்த உருவத்துக்குக் கொடுப்பது. 2014இல் வந்த கோச்சடையான் அப்படி எடுத்தது. மோஷன் போஸ்டர் என்றால் அசையும் சுவரொட்டி. ரசிகர்கள் மோஷன் போஸ்டர் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில் வாந்தி வருவதற்கும் மோஷன் என்ற பெயர் சேர்க்கிறார்களே?

மோஷன் சிக்னஸ். பேச்சில் 'எனக்கு பஸ் ஒத்துக்காது' என்பதுதான் இதற்கான தமிழ். எழுத்தில் பயணக் குமட்டல். பேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது உள்காது 'திரும்புகிறோம், சாய்கிறோம்' என்கிறது. கையில் இருக்கும் போனைப் பார்க்கும் கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இந்த முரணில் மூளை தடுமாறுவதால் குமட்டல். முன்னிருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஓட்டுநருக்கு ஏன் வருவதில்லை என்று யோசித்தால் புரியும். அவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும். மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பெரும்பாலானவை தூக்கம் தருபவை, வண்டி ஓட்டுபவர் போடக் கூடாது.

பழந்தமிழில் மோஷனுக்குச் சொல் இருந்ததா?

இருந்தது. இப்போது அதே சொல்லைக் கடைக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம். புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடும்போது 'செஞ்ஞாயிற்றுச் செலவு' என்கிறார். சூரியன் செல்லும் வழி, அதன் இயக்கம். செல் என்ற வினையிலிருந்து செலவு. அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடப் புறப்படுவதும் செலவு, தலைவிக்காக அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது செலவழுங்கல். கையை விட்டுப் பணம் செல்வதும் செலவுதானே, அந்தப் பொருள் மட்டும் இன்று நம்மிடம் தங்கிவிட்டது.

'கடமைக்குச் செய்தான்' என்பதற்கும் ஆங்கிலத்தில் மோஷன் வருமே?

வரும். அசைவுகளை மட்டும் செய்துவிட்டுப் போவது என்று அவர்கள் சொல்வதை நாம் 'ஒப்புக்குச் செய்தான்', 'கடமைக்குச் செய்தான்' என்கிறோம். ஒன்றை 'மோஷனில் வைப்பது' என்று வந்தால் 'தொடங்கி வைத்தார்' போதும். இரண்டிலும் இயக்கம் என்ற சொல் தலைகாட்டினாலே அது மொழிபெயர்ப்பு என்று தெரிந்துவிடும்.

மோஷனா, மோசனா?

பேச்சை அப்படியே எழுதும்போது மோஷன். கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் மோசன் என்று எழுதுகிறார்கள், அதுவும் படிக்கத் தடையில்லை. மருத்துவமனைப் படிவத்தில் மட்டும் இரண்டுமே வேண்டாம்.